கீழ் பாதிக்கு எத்தனை கிலோ

நாள் 212, 09:10
நிலா, தெற்குக் குடில். பதிவு: அமலபாய், கட்டுமானம். நேற்றைய நில அதிர்வில் கூடத்துச் சுவரின் டைல்ஸ் இடைவெளிப் பூச்சு உதிர்ந்து காற்று கசிகிறது. தங்கக்கண் (கல் ஆராய்ச்சி) கால் முறிந்து உள்ளறையில். கூடத்துக்கும் அவன் அறைக்கும் நடுவில் உள்ள கதவுச் சட்டம் கோணி, சுற்றிலும் இடைவெளி விழுந்துவிட்டது.
சுவர் 40 சதுர மீட்டர். இடைவெளி 3 மில்லி, ஆழம் 10. சதுர மீட்டருக்கு 320 கிராம். மொத்தம் 12.8 கிலோ. சேதாரம் பத்து சதவீதம் சேர்த்தால் 14.1. கிரவுட் (பூச்சுத் தூள்) இருப்பு 15. தாராளம்.

நாள் 212, 11:40
மீட்புக் கப்பல்: "வடக்குக் குடில்ல ஒருத்தருக்கு மூச்சுத் திணறல். அங்க போயிட்டு உங்ககிட்ட வர ஆறு நாள் ஆகும். தாங்குவீங்களா?"
நான்: "போயிட்டு வாங்க. எங் கணக்கு தப்பாது."
வாய்க்கொழுப்பு.

நாள் 213, 15:30
மேல் பாதி முடிந்தது. கீழே குனிந்தேன். இடைவெளி 5 மில்லி!
ஒட்டியது நானேதான். கட்டிலுக்குப் பின்னால் யார் பார்க்கப்போகிறார்கள் என்று கடைசி நாள் அவசரத்தில் அகலமாக விட்டேன். நேற்று அளந்ததோ கண் மட்டத்தில் மட்டும். கீழ் பாதிக்கு மட்டும் 10.7 கிலோ. இருப்பதோ 8.6. பாவி, குனிந்து ஒரு இடம் அளந்திருக்கக் கூடாதா?

நாள் 213, 19:05
சுவருக்கு இன்னும் 3.3 வேண்டும். இருப்பு 1.2. காய்ந்ததைச் சுரண்டினால் தூள்தான். கப்பலைக் கூப்பிட்டேன். பாதியில் திரும்ப முடியாதாம்; வர இன்னும் ஐந்து நாள். கூடம் நாளை வரை தாங்காது. என் விண்வெளி உடுப்பில் எட்டு மணி நேரக் காற்று.
உள்ளறை உருளையில் ஆறு நாள் காற்று, ஒருவருக்கு. இரண்டு பேர் என்றால் மூன்று.
கதவு: சுற்றளவு 6 மீட்டர், இடைவெளி 10 மில்லி, ஆழம் 12. தேவை 1.15.

நாள் 213, 19:50
அவனிடம் சொல்லாமல் கதவை வெளியிலிருந்து பூசத் தொடங்கினேன். கரண்டிச் சத்தத்தில் கண்டுகொண்டான்.
தங்கக்கண்: "யக்கா, என்ன செய்யிய? கிறுக்கு பிடிச்சிருக்கா? உள்ள வாங்க, ரெண்டுபேரும் பாத்துக்கிடலாம்!"
நான்: "சும்மா கெட. பூச்சு காயணும், கதவத் தட்டாத."
அப்புறம் அவன் அழுதான். நானும்தான். பயமாக இருக்கிறது. வீட்டுக்குப் போக ஆசையாக இருக்கிறது.

நாள் 213, 21:20
முடிந்தது. குனிந்து, கீழ்ச்சட்டம் வரை மூன்று தடவை பார்த்தேன். கசிவு இல்லை. மிச்சம் 50 கிராம். உடுப்பை மாட்டிக்கொண்டேன்.
இதை எடுப்பவர்களுக்கு: உள்ளே ஆள் உயிரோடு இருக்கிறான். பூச்சைத் தயங்காமல் உடையுங்கள். தப்பு என்னுடையது என்று அவனிடம் சொல்லுங்கள்.

நாள் 214, 05:02
அவன் தட்டவில்லை. சொன்ன பேச்சு கேட்கிறான். கதவில் முதுகைச் சாய்த்து