உன் பெயருக்கு நேரே ஒரு சரி

சிவமயம்

வெள்ளவத்தை
14.06.98

அன்புள்ள மகன் குகதாசன் அறிவது,

முருகன் கிருபையால் அப்பாவும் நானும் தங்கச்சியும் சுகமாக இருக்கிறோம், நீயும் கை கால் சுகத்தோடு இருக்க வேண்டும் என்று விளக்கு வைக்கும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன். இதைத் தபாலில் போடவில்லை. பாலேஸ்வரி அக்காவின் மருமகன் நீ இருக்கிற மட்டக்களப்புக்கே வேலை மாறிப் போகிறார், அவர் கையில் கொடுத்து விடுகிறேன். தபாலை வழியில் பிரித்து வாசிக்கிறார்கள் என்பது உனக்கும் தெரியும். வாசித்து முடித்ததும் அடுப்பில் போட்டுவிடு. எள்ளுருண்டை டின்னில் இருக்கிறது, காளியப்பனுக்கும் கொடு.

நீ முதலாம் வருடம் பாஸ் என்று அறிந்த அன்றே கோயிலில் அருச்சனை செய்தேன். இந்த ஒரு வருடம் எப்படிப் போனது என்று பார்ப்பதற்கு நேற்று என் கொப்பியை எடுத்து வைத்துக்கொண்டு இருந்தேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள், மிச்சம் நானாகக் கூட்டி வாசித்துப் படித்தது, ஆனாலும் நீ ரயில் ஏறிய நாளில் இருந்து உன் கடிதம் வந்த நாள், நீ எழுதிய நாள், டெலிபோன் கோல் எடுத்த நாள் எல்லாம் குறித்து வைத்திருக்கிறேன். முதல் கடிதத்தில், சீனியர்மார் காற்சட்டையை முழங்கால் வரை மடித்துவிட்டு மைதானத்தைச் சுற்ற விட்டார்கள் என்று எழுதினாய், அப்பா சிரித்தார், எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. பிறகு ஹொஸ்டல் பருப்புக்கறியில் பருப்பைத் தூண்டில் போட்டுத்தான் பிடிக்க வேண்டும் என்று எழுதினாய். பிறகு அறையில் உன்னோடு இருக்கிற பதுளைப் பெடியன் காளியப்பன் உனக்கு உடுப்புத் தோய்க்கப் பழக்கினதை எழுதினாய், இருபது வயது வரைக்கும் உன் சேட்டுகளைத் தோய்த்த எனக்கு அது வெட்கமாகவும் இருந்தது. மாசி மாதம் முதல் தடவையாக எங்கட கம்பஸ் என்று எழுதினாய். பிள்ளைக்கு அந்த மண் பிடித்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன், கொஞ்சம் பயமும் வந்தது. மொத்தம் முப்பத்திரண்டு கடிதம். கார்த்திகையில் மட்டும் பதினைந்து நாள் ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகு வந்ததில், 21ஆம் திகதி தொடங்கி மூன்று நாள் காய்ச்சல், ஹொஸ்டல் கட்டிலிலேயே கிடந்தேன், எழும்ப முடியவில்லை என்று இருந்தது. நான் நம்பினேன்.

இனி எழுதப்போவதை நிதானமாக வாசி. வீட்டில் இருப்பவர்களின் பெயரைப் பொலிஸில் பதிந்த அந்தத் தாள் உனக்கு நினைவிருக்கும், ஒன்று அவர்களிடம், ஒன்று எங்களிடம். அப்பா, நான், நீ, தங்கச்சி என்று நாலு பெயர். நீ போனதும் உன் பெயரை வெட்டிப் புதிதாகப் பதிய வேண்டும் என்று அப்பா சொன்னார், நான் விடவில்லை. உயிரோடு இருக்கிற பிள்ளையின் பெயருக்கு மேலே தாய் எப்படிக் கோடு போடுவாள். அது பொலிஸ் தாளடியப்பா, சாதகக் குறிப்பு இல்லை என்று அப்பா கத்தினார். கீழ்வீட்டு பேர்னாட் அங்கிளும் வந்து, அக்கா, நீங்கள் வெட்டாட்டி அவங்கள் உங்கட மகனைத் தேடுவாங்கள், பிறகு என்னட்டைத்தான் சிங்களம் கதைக்கக் கூப்பிடுவியள் என்று பகிடி விட்டார். ஆர் சொல்லியும் நான் கேட்கவில்லை. பிழை என்னுடையதுதான்.

கார்த்திகை 22, சனிக்கிழமை காலை எட்டு மணிக்குச் செக்கிங் வந்தது. இரண்டு பொலிஸ்காரர். நாங்கள் மூன்று பேரும் முன்விறாந்தையில் வரிசையாக நின்றோம், எங்களுக்குப் பின்னால் உன் அறையின் திரைச்சீலை. மூத்தவர் பெயர் கூப்பிட்டார். அப்பா ஓம் என்றார், நானும் ஓம் என்றேன், உன் பெயரைக் கூப்பிட்டதும் மகன் கம்பஸில் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அந்த மனிதர் என் தோளுக்கு மேலால் பின்னுக்குப் பார்த்து, ஒருவருக்குத் தலையாட்டுவதுபோலத் தலையை ஆட்டி, ஹரி மல்லி, சரி தம்பி என்று சிங்களத்தில் சொல்லி உன் பெயருக்கு நேரே சரி போட்டுவிட்டார். பிறகு தங்கச்சிக்கு. நாலு பேரும் இருக்கிறார்கள் என்று எழுதிக் கையெழுத்தும் வைத்துப் படியிறங்கிப் போய்விட்டார்கள். நான் திரும்பிப் பார்த்தேன். திரைச்சீலை ஆடிக்கொண்டு இருந்தது. கரண்ட் இல்லாத நேரம், ஃபானும் இல்லை, கடற்கரைக் காற்று அந்தப் பக்கம் வருவதுமில்லை. தங்கச்சி உள்ளே போய்ப் பார்த்துவிட்டு, ஒருத்தரும் இல்லையம்மா, ஆனா அண்ணாவின்ரை துவாய் நனைஞ்சிருக்கு என்று சொன்னாள். நீ போன நாளில் இருந்து அந்தத் துவாயை எடுத்தவர் இல்லை. ஞாயிறும் நனைந்திருந்தது. திங்கள் காய்ந்துவிட்டது.

அந்த மனிதருக்குத் தேத்தண்ணி அவசரம், நாலு பெயர் இருந்தது, நாலு சரி போட்டார் என்று அப்பா சொல்கிறார். பேர்னாட் அங்கிளும் அதையேதான் சொல்கிறார். நானும் அப்படி நினைக்கத்தான் பார்த்தேன். ஆனால் அவர் மல்லி என்று சொன்னார் மகன். தங்கச்சியைப் பார்த்து ஒருவர் மல்லி என்று சொல்வாரா. தூரத்தில் ஒருவருக்கு உயிர் ஊசலாடும்போது அவருடைய உரு வீட்டு வாசலுக்கு வந்துபோகும் என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். அதனால்தான் உன் காய்ச்சல் கடிதம் வந்தபோது, அதுதானாக்கும் என்று கந்தசஷ்டி கவசம் ஒரு மண்டலம் படித்து முடித்தேன். உனக்கு ஒன்றும் சொல்லவில்லை.

போன புதன்கிழமை பகல் இரண்டு பேர் சிவில் உடுப்பில் வந்தார்கள். ஒருவர் நல்ல தமிழ் கதைத்தார். உங்கட மகன் கார்த்திகை 21, 22, 23 மூன்று நாளும் ஹொஸ்டலில் இல்லை, கேட்டதுக்கு வெள்ளவத்தையில் அம்மாவோட நின்றனான் என்று எழுதித் தந்திருக்கிறார், உண்மையோ அம்மா என்று கேட்டார். எங்களுக்கு ஹொஸ்டல் கட்டில் என்று எழுதியிருக்கிறாய், அவர்களுக்கு வீடு என்று எழுதியிருக்கிறாய். இரண்டு இடத்திலும் நீ இல்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் இயக்கத்திடம் போய்வருகிற பெடியன்களைப் பற்றி இங்கே கதைக்கிற கதையெல்லாம் அந்த நேரம் என் காதுக்குள் ஒன்றாகக் கேட்டது. அப்பா கதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர்கள் தங்களுடைய தாளை மேசையில் விரித்தார்கள். உன் பெயர், அதற்கு நேரே சரி, 22ஆம் திகதி.

நான் பொய் சொல்லாதவள் என்று உனக்குத் தெரியும். கோயில் வாசலில் செருப்பு மாறிப்போனாலும் திரும்பிப் போய்க் கொடுக்கிறவள். அவர் முகத்தைப் பார்த்து, ஓம், என்ரை பிள்ளை அண்டைக்கு வீட்டிலைதான் நிண்டவர் என்று சொன்னேன். கையெழுத்தும் வைத்தேன். கை நடுங்கவில்லை. அதுதான் என்னை இன்றைக்கும் பயப்படுத்துகிறது, சொல்லும்போது அது பொய் மாதிரியே இருக்கவில்லை. சரியம்மா என்று தாளை மடித்துக்கொண்டு போய்விட்டார்கள். ஆனபடியால் ஆர் எப்போது கேட்டாலும் நீயும் அதையே சொல், ஒரு சொல்லும் மாற்றாதே. வெள்ளிக்கிழமை பின்னேரம் வந்தாய், காய்ச்சலோடு படுத்திருந்தாய், ஞாயிறு பின்னேரம் போனாய்.

எங்கே போனாய் என்று நான் கேட்கமாட்டேன். எழுதவும் வேண்டாம், தெரிந்தால் இன்னொரு நாள் என் முகம் காட்டிக் கொடுத்துவிடும். இனிமேல் போகாதே என்பதை மட்டும் காலில் விழாத குறையாகக் கேட்கிறேன். கூப்பிடுகிறவர்கள் நல்ல பிள்ளைகளாகவும் இருக்கலாம், அவர்களுக்கும் தாய்மார் இருக்கிறார்கள், நான் ஒருவரையும் குறை சொல்லவில்லை. ஆனால் உன் பெயருக்கு நேரே சரி போட இன்னொரு தடவை ஒருவரும் வரமாட்டார்கள். இரண்டாம் வருடப் பாடங்களைக் கவனமாகப் படி, எண்ணெய் வைத்து முழுகு, காளியப்பனோடு கோபிக்காதே, பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு ஹொஸ்டலை விட்டு வெளிக்கிடாதே.

ஆவணி லீவுக்கு நீ வருவாய் என்று அப்பா நாள் எண்ணிக்கொண்டு இருக்கிறார். ஒன்றே ஒன்று மறந்துவிடாதே. கதவு திறந்து கிடந்தாலும் நேரே உள்ளே வராதே. படியில் நின்று அம்மா என்று உரத்துக் கூப்பிடு. நான் வந்து உன் கையைத் தொட்டுப் பார்த்து, வா என்று சொன்ன பிறகு உள்ளே வா.

எல்லாம் வல்ல முருகன் உன் முன்னும் பின்னும் நின்று காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
வாசலைப் பார்த்திருக்கும் உன் அம்மா
ச. அன்னபாக்கியம்