தேனீ துரத்தும் காட்சியில் சிரித்தவள்

நவம்பர் 12, புதன்

விடிய முன்பே மழை. வீட்டுக்காரருடைய மரணச் சான்றிதழ் எடுக்கப் பதுளை. நீண்ட வரிசை, கிடைத்தபோது மத்தியானம். இதைத் தோட்டத் தலைவரிடம் கொடுத்தால், தோட்டத்தை நடத்தும் துரையிடம் பேசி, இவர் வேலைக்கு என் பேரைப் பதிந்து தருவதாகச் சொல்லியிருக்கிறார். பேர் விழுந்தால் நாங்கள் குடியிருக்கிற லயத்துக் காம்பரா எனக்கும் மகள் பாப்பாவுக்கும். இல்லாவிட்டால் கொழுந்தனுக்கு வேலை, காம்பராவும் அவருக்கே. ஞாயிறு தலைவர் வீட்டில் பேச்சு.

வாங்க: இருமல் மருந்து, பாப்பாவுக்கு ஸ்கூலுக்குப் போட வெள்ளைச் சப்பாத்து, தேங்காயெண்ணெய். (சப்பாத்து கிடைக்கவில்லை. சைஸ் இல்லை.)

திரும்பிப் போகப் பசறை பஸ் இல்லை, வழியில் மண் சரிந்து கிடக்கிறதாம். துணிக்கடையில் வேலை செய்யும் தங்கச்சி வசந்தி அரைநாள் லீவு போட்டு வந்தாள். "நனைஞ்சுக்கிட்டு நிக்கிறதுக்கு தியேட்டருக்குள்ள போயி குந்தலாம், வாக்கா." கருமாதி முடிந்த வாரம். வேண்டாம் என்றேன். பிறகு போனேன். கால் வலி. உட்கார ஒரு இடம், அவ்வளவுதான்.

இங்கிலீசுப் படம், தமிழில் பேசவிட்டது. இரண்டாம் பாகம். புதையல் தேடிக் காட்டுக்குள் போகிற கூட்டம். ஒரு குண்டு கேப்டன், ஒரு குரங்கு. கேப்டன் போய்த் தேன்கூட்டில் தலையை விடுகிறான். அத்தனை தேனீயும் துரத்துகிறது. ஓடுகிறான், கத்துகிறான், ஆற்றில் பாய்கிறான். எழும்பி வந்தால் மூக்கில் மட்டும் ஒரு வீக்கம்.

சிரித்தேன். நிறுத்த முடியவில்லை. வசந்தி தொடையில் கிள்ளினாள், அப்போதும் நிற்கவில்லை. இவரைக் குளவி கொத்திச் சாகடித்த பிறகு எனக்குச் சத்தமாக ஒரு அழுகைகூட வந்ததில்லை. இன்றைக்கு வயிறு வலிக்கச் சிரிப்பு.

வாசலில் ஒரு பையன், கையில் மைக்கும் போனும். யூடியூப் சேனலாம். படம் எப்படி, படம் எப்படி என்று எல்லாரையும் மறித்தான். காதில் விழுந்தவை:

"மொத பார்ட் அளவுக்கு வராது."

"கொரங்குக்குத்தான் சம்பளம் குடுக்கணும்."

கண்ணாடி போட்ட ஒரு ஐயா, யாழ்ப்பாணத்துப் பேச்சு: "கதை எண்டு ஒண்டுமில்லை. ஆனா பிள்ளையள் சிரிச்சுதுகள், அது காணும்."

என்னையும் மறித்தான். தேனீ வருகிற இடம் நல்லாயிருந்தது என்றேன். இவரைப் பற்றியும் சொன்னேன். சொல்லி அழுதேன். பையன் மைக்கை இறக்கிவிட்டான்.

நவம்பர் 13, வியாழன்

பனி. எதிர் லயம் தெரியவில்லை. நேற்றுச் சுற்றுவழியில் ஒரு லொறி ஏறி, இருட்டித்தான் வீடு வந்தேன். பாப்பா இரவெல்லாம் இருமல்.

சாயங்காலம் கொழுந்தன் போனை நீட்டினார். "அண்ணி, இது நீங்கதானே?"

நான்தான். ஈரச் சேலை, முழு வாயும் திறந்த சிரிப்பு. "அந்தத் தேனீ தொரத்துற எடந்தாங்க! சிரிச்சு வயிறு வலிக்குது!" அவ்வளவோடு வெட்டி, அடுத்த ஆளுக்குப் போய்விட்டான். இவரைப் பற்றிச் சொன்னது இல்லை. அழுதது இல்லை.

கீழே கருத்துகள். நானே போனை வாங்கிப் படித்தேன்:

மொத பார்ட் தான் கெத்து.

அக்கா சிரிப்புக்கே இன்னொரு தடவை பாக்கலாம்.

டப்பிங் சுமார்.

இது எங்க தோட்டம். புருசன் குளவி கொத்திச் செத்து இன்னும் மாசமாகல.

அப்ப அடுத்த பார்ட்டுக்கு ரெடி ஆயிட்டாங்க.

இந்தக் கடைசிக்குத்தான் நிறையச் சிரிப்புப் பொம்மை. மாமியார் அடுப்படியில் இருந்தார். கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

நவம்பர் 14, வெள்ளி

பீலியில் தண்ணீருக்குப் போனேன். நான் போனதும் பேச்சு நின்றது. குடம் நிறைய எவ்வளவு நேரமாகும் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. திரும்பி நடக்கும்போது முதுகுக்குப் பின்னால் ஒருத்தி: "தேனீயாம்ல. வேற எடமே கெடைக்கலயா சிரிக்க."

அவள் சொன்னதும் நியாயந்தானே. கோபம் வந்தது, ஆனாலும் நியாயந்தான்.

தலைவருக்கு மூன்று தரம் அடித்தேன். எடுக்கவில்லை. நாலாவது தரம் சுவிட்ச் ஆஃப். வசந்தி போனில் அழுகிறாள், நான்தான் உன்னைக் கூட்டிட்டுப் போனேன் என்று. உன் அழுகையை வேறு நான் துடைக்க வேண்டுமா என்று கத்திவிட்டேன். பாவம்.

நவம்பர் 15, சனி

பஸ் ஓடுகிறது. பதுளை. சேனல் பையனை வசந்தி கண்டுபிடித்து வைத்திருந்தாள். போன் கடையில் வேலையாம். என்னைக் கண்டதும் எழும்பி நின்றான்.

"ஏன் தம்பி பாதிய வெட்டுன?"

"அக்கா, அது ரொம்ப சோகமா இருந்துச்சு. காமெடிப் படத்துக்கு ரிவியூ. சோகத்தப் போட்டா ஆளுக தள்ளிட்டுப் போயிருவாங்க. உங்களுக்குந்தான் சங்கடம்னு நெனச்சேன்."

கெட்டவன் இல்லை. உடனே வீடியோவை எடுத்துவிட்டான். ஆனால் தோட்டத்தில் எல்லார் போனிலும் இறங்கியிருக்கிறது. வெட்டாத முழுசு அவனிடம் இருந்தது, அனுப்பிவைத்தான். போட்டுப் பார்க்கவில்லை. அந்த வார்த்தைகளை என் குரலில் இன்னொரு தரம் கேட்கத் தைரியம் இல்லை. நாளைக்கு அவர்கள் பார்த்தால் போதும். அழுததைப் பார்த்தால் போதும்.

மனசு லேசாக இருந்தது. வரும் வழியில் சப்பாத்தும் கிடைத்தது.

நவம்பர் 16, ஞாயிறு

தலைவர் வீடு. தலைவர், மாமியார், கொழுந்தன், நான். சாயத்தண்ணி வந்தது, யாரும் தொடவில்லை.

முழு வீடியோ இருக்கிறது என்றேன். தலைவர் கண்ணாடியைப் போட்டார். "போடு பாப்போம்."

போட்டேன். தேனீ, வயிற்று வலி, சிரிப்பு. அதற்குப் பிறகு:

"ஆத்துல பாஞ்சு தப்பிச்சுட்டான் பாருங்க. எங்க வீட்டுக்காரரையும் குளவி தொரத்துச்சு. தேயிலை கவ்வாத்து வெட்டுற மலையில. ஓடியிருக்காரு. அவரு ஓடுன பக்கம் ஆறு இல்ல."

மாமியார் எழும்பி வெளியே போய்விட்டார்.

நான் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். அழுகை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. ஆறு இல்ல என்று சொல்லும்போதும் எனக்குப் பல் தெரிகிறது. கண்ணில் ஈரமே இல்லை. மைக் இறங்கும்வரை சிரித்துக்கொண்டுதான் நிற்கிறேன். அழுதேன் என்று சத்தியம் பண்ணியிருப்பேன்.

கொழுந்தன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "இதுலயும் சிரிக்கத்தானே செய்றாங்க."

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "ஊரு வாய நா மூட முடியாதும்மா. கொஞ்ச நாளைக்கு ஒங்கம்மா வீட்டுல போயி இரு. பெறகு பாப்போம்."

பேர் கொழுந்தனுக்கு. அம்மா வீடு கொஸ்லந்தயில். மேலே மலையில் வெடிப்பு விழுந்து மண் சரியப் பார்க்கிறது, மழைக்கு மழை எல்லாரும் ஸ்கூலில்தான் படுக்கிறார்கள். பாப்பாவை அங்கே கொண்டுபோக எனக்கே பயம். அவள் இங்கே இருக்கட்டும் என்று அவர்கள் சொல்லும் முன்னே நானே சொல்லிவிட்டேன். 

இரவு மாமியார் ரொட்டி சுட்டுக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல்: "சிரிச்சா சிரிச்சுட்டுப் போ. எம்புள்ள ஓடுனத ஏண்டி ஊருக்குச் சொன்ன?"

 

நவம்பர் 17, திங்கள்

மழை விட்டிருக்கிறது. இரண்டு பை. குடை. பழைய கம்பளி பாப்பாவுக்கு. இருமல் மருந்து எப்போது கொடுப்பது என்று மாமியாரிடம் இரண்டு தரம் சொன்னேன், தலையாட்டினார்.

பாப்பா பக்கத்தில் வந்து குந்தினாள். எங்கே போகிறாய் என்று கேட்கவில்லை. ஆறு வயதுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது.

"நீ பாத்த படத்துல என்னம்மா கத?"

குரங்கைப் பற்றி மட்டும் சொன்னேன். கேப்டனின் தொப்பிக்குள் அது முட்டையை ஒளித்துவைக்கும், அவன் தெரியாமல் தலையில் மாட்டுவான் என்று சொன்னதும் களுக்கென்று சிரித்தாள். உடனே இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு கதவைப் பார்த்தாள்.

"அப்பாயி வைவாங்கம்மா. நீ சொல்லு. நா சத்தமில்லாம சிரிக்கிறேன்."