சைக்கிள் ஓடலாம், நடக்க ஏலாது

நேற்று ஆஸ்பத்திரியால் வந்ததும் என் முதுகு ஸ்கான் படத்தைக் குசினி யன்னலில் பிடித்துப் பார்த்தேன். கீழ் எலும்புகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் குந்தியிருக்கின்றன. உங்களுடைய படமும் இப்படித்தான் இருந்தது. ஒரே வயலில் குனிந்த புருசன் பெண்சாதியின் முதுகுகள், வேறு எப்படி இருக்கும்? தேத்தண்ணிக்கு வைத்த தண்ணீர் வற்றும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். களைப்பாக இருந்தது. இதைச் சொல்ல உங்களைத் தவிர எனக்கு ஆளில்லை.

உங்களுக்கு இது தொடங்கியது ஒரு அறுவடைக்குப் பிறகு. வயலுக்கு நடந்து போகிறவர் பாதி வழியில் நிற்பீர்கள். தொடை இரண்டும் விறைத்து, கால் ஈயக்குண்டு போல் கனக்கும் என்பீர்கள். குந்தினால் சிறிது நேரத்தில் விட்டுவிடும். ஆனால் சைக்கிளில் ஏறினால் ஒன்றுமில்லை. புளியங்குளம் சந்திவரை ஓடிப்போய் உரம் வாங்கிக் கட்டிக்கொண்டு வருவீர்கள். நடக்க வேண்டிய இடத்திலும் சைக்கிளை உருட்டி, கைபிடியில் சாய்ந்தபடியே நடந்தீர்கள். ஊர் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. எனக்கும் விளங்கவில்லை. ஆனால் நீங்கள் சும்மா சொல்கிற ஆள் இல்லை.

வாய்க்கால் துப்பரவுக்காகக் கமக்காரர் சங்கம் கூடிய நாளில்தான் அது வெளியில் வந்தது. இந்த முறை எனக்கு ஏலாது, கூலிக்கு ஆள் விடுகிறேன் என்று சொன்னீர்களாம். சங்கத் தலைவர் எல்லாருக்கும் கேட்கக் கேட்டாராம்.

"அண்ணைக்குச் சைக்கிள் ஓடேக்கை வராத நோ, மண்வெட்டி பிடிக்கேக்கை மட்டும் வருமோ?"

சிரித்தார்களாம். நீங்கள் எழும்பி, சுவரில் சாத்திய சைக்கிளையும் எடுக்காமல், நெஞ்சை நிமிர்த்தி நடந்து வந்திருக்கிறீர்கள். பக்கத்து வீட்டுக்காரி வந்து சொல்ல நான் ஓடி வந்தேன். மதகடியில் மண்ணில் குந்தியிருந்து, தொடையைக் கையால் அடித்துக்கொண்டிருந்தீர்கள்.

"என்னத்துக்குச் சைக்கிளை விட்டிட்டு வந்தனீங்கள்?"

"நடந்து காட்டுவம் எண்டு வந்தனான். கால் ரெண்டும் என்ர கால் மாதிரி இல்லையப்பா."

அதற்குப் பிறகுதான் வவுனியாவுக்குப் போக ஒத்துக்கொண்டீர்கள். கிளினிக் வாங்கில் குந்திக் காத்திருந்து, ஸ்கான் எடுத்து, பிறகு இன்னொரு நாள் போய், அந்தச் சின்ன வயது டொக்டர்ப் பிள்ளைக்கு முன்னால் இருந்தோம். அவா படத்தைக் காட்டி ஆறுதலாகச் சொன்னா.

"ஐயா, எலும்புகளுக்கு நடுவிலை மெத்தை மாதிரி இருக்கிறது வயசோடை காஞ்சு தேயும். உங்களுக்கு நரம்பு வாற வழியும் ஒடுங்கிப் போச்சுது. நிமிந்து நடக்கேக்கை அது இன்னும் நெருக்கும். முன்னுக்குக் குனிஞ்சால் கொஞ்சம் விரியும். அதாலைதான் சைக்கிள் ஓடேக்கை உங்களுக்கு நோகேல்லை."

நீங்கள் அவாவையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். "அந்தச் சைக்கிள் கதையை இன்னொருக்காச் சொல்லுங்கோ பிள்ளை."

விளங்கவில்லையாக்கும் என்று அவா மீண்டும் சொன்னா. உங்களுக்கு முதல்முறையே விளங்கியது என்று எனக்குத் தெரியும். இன்னொருமுறை கேட்க ஆசை, அவ்வளவுதான்.

"இது மாறுமோ?"

"தேய்ஞ்சது திரும்பி வளராது. ஆனா சமாளிச்சுக்கொண்டு போகலாம். படுத்த படுக்கையா மட்டும் இருந்திடாதேங்கோ." மூட்டை தூக்குவதை விடச் சொன்னா. நடந்து, சிறிது குந்தியிருந்து, மறுபடி நடக்கச் சொன்னா. கால் திடீரென்று சோர்ந்தாலோ, மூத்திரம் போவது தெரியாமல் போனாலோ அன்றைக்கே வரவேண்டும், அப்போது ஒப்பரேசனைப் பற்றி யோசிப்போம் என்றும் சொன்னா.

பஸ்ஸில் வெகுநேரம் வெளியே பார்த்துக்கொண்டு வந்தீர்கள். ஓமந்தை தாண்டிய பிறகு மெல்லச் சொன்னீர்கள்.

"நான் பொய் சொல்லேல்லை."

"அது எனக்குத் தெரியும்தானே."

"உமக்குத் தெரியும். எனக்குத்தான் சந்தேகமாக் கிடந்தது. உடம்புக் கள்ளமோ எண்டு என்னை நானே ஏசிக்கொண்டு திரிஞ்சனான்."

யுத்தத்தில் இடம்பெயர்ந்த காலமெல்லாம் வீட்டுச் சாமானையும் உங்கள் அம்மாவையும் சுமந்த முதுகு அது. அதையா சந்தேகப்பட்டீர்கள்?

பிறகு ஒவ்வொரு காலையும் பாயில் மல்லாந்து படுத்து, முழங்காலை நெஞ்சோடு அணைத்துப் பிடிப்பீர்கள். சில நாள் நோ குறைந்தது. மாரிக் குளிரில் கூடியது. அடுத்த போகத்துக்கு வாய்க்கால் துப்பரவு வந்தபோது, பிளாஸ்ரிக் கதிரையொன்றைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு போனீர்கள். கரையில் கதிரையைப் போட்டு முன்னுக்குச் சாய்ந்திருந்து, கைக்கு எட்டிய புல்லையெல்லாம் அரிந்தீர்கள். அது முடிந்ததும் கதிரையை அடுத்த இடத்துக்குத் தள்ளிப் போட்டீர்கள். மத்தியானம்போல் தலைவர் வந்து, "அண்ணை, மிச்சத்தை நான் பாக்கிறன்" என்றார். "பாருங்கோ" என்று அரிவாளைக் கொடுத்தீர்கள்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன், டொக்டர் சொன்னதை அந்த ஆளிடம் சொல்லியிருக்கலாமே என்று.

"எனக்குத் தெரிஞ்சால் காணும், வேறை ஆருக்கும் தெரியத் தேவையில்லை" என்றீர்கள்.

கடைசியில் உங்களைக் கொண்டுபோனது முதுகு இல்லை, நெஞ்சு. போன மாரியில். ஒப்பரேசன் இல்லாமலே அந்த முதுகோடு இத்தனை வருசம் இருந்துவிட்டீர்கள்.

இப்போது எனக்கு. நோவைவிட அலுப்புத்தான் பெரிது. தண்ணீர் அள்ளப் பாதி, கூட்டப் பாதி, எல்லாவற்றிலும் பாதியில் குந்த வேண்டியிருக்கிறது. இன்று காலை மகள் போன் எடுத்தாள். படத்தைப் பற்றிச் சொன்னேன். "வயசு போனால் எல்லாருக்கும் வாற நோதானே அம்மா, யோசிக்காதேங்கோ" என்றாள். ஆறுதலுக்குத்தான் சொன்னாள். கால் விறைப்பதையும், கடைக்குப் போகும் வழியில் நின்று நின்று போவதையும் அவளுக்கு விளக்கப் பார்த்தேன். சொல் வரவில்லை. முந்தியென்றால் அழுகை வந்திருக்கும்.

எனக்குத் தெரிந்தால் காணும். உங்களிடமிருந்து நான் வைத்திருப்பது இதுதான். "ஓம் பிள்ளை" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டு, பாயை விரித்துப் படுத்தேன். முழங்காலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, முதுகு மெல்ல இளகும்வரை அப்படியே கிடந்தேன். எழும்ப நேரமெடுத்தது. அவசரப்படவில்லை.