மூன்றாவது தட்டு

3 பிப்ரவரி 2025, திங்கள்

பாட்டு நோட்டின் முன்பக்கம் தீரப்போகிறது. அதனால் நோட்டைத் திருப்பி, பின்பக்கத்தில் இருந்து இதை எழுதுகிறேன்.

முன்பக்கத்தில் 311 பாட்டு. மருதாசலம் அண்ணனின் இன்னிசைக் குழுவில் பேஸ் கிட்டார் வாசித்த பதினான்கு வருடத்தில் சேர்ந்தவை. ஒவ்வொரு பாட்டுக்கும் ஸ்வரம், எங்கே நுழைய வேண்டும், எங்கே நிற்க வேண்டும். கடைசியில் ஒரு வரி, ‘யார் வாசித்தது’ என்று. பாடியவர் பெயர் ஊருக்கே தெரியும். பேஸ் வாசித்தவர் பெயரை யார் போடுகிறார்கள்? தேடிக் கிடைத்தது ஒன்பதோ பத்தோ. மற்றதிலெல்லாம் ஒரு கோடு.

இன்று எங்கள் குழுவின் டிரம்ஸ் பூபதி என் ஜெராக்ஸ் கடைக்கு வந்தான். சேலத்துப் பிள்ளைகள் சிலர் பேண்டு வைத்திருக்கிறார்களாம். ஏற்காட்டு மலைப்பாதையை நினைத்து ‘எட்டாவது வளைவு’ என்று பெயர். முதல் ஆல்பம் போடுகிறார்கள். ஆனால் பேஸ் வாசிக்கும் இளவழகன் படிக்க ஜெர்மனி போய்விட்டான். டிரம்ஸ் பையனுக்குத் தாளம் நிற்கவில்லை.

“நம்ம ரெண்டு பேரும் போயி வாசிச்சுக் குடுத்துட்டு வந்தரலாங்கக்கா. பேரு மட்டும் அவுங்களுதுதான் போடுவாங்களாம். வெளிய சொல்லிக்க வேண்டாம்ங்கறாங்க.”

பேருக்கு என்ன? மேடையிலேயே நான் நிற்பது ஸ்பீக்கர் பெட்டிக்குப் பின்னால்தான். சரி என்றேன்.

16 பிப்ரவரி, ஞாயிறு

திருச்செங்கோட்டில் இருந்து காலையிலேயே பஸ் ஏறி, சேலம் போய், அங்கிருந்து கொண்டப்பநாயக்கன்பட்டி. மலை ஏற ஆரம்பிக்கும் இடத்தில் ஒரு மாடி வீடு. மேல் அறையில் சுவர் முழுக்க மெத்தையை வைத்து அடித்து ஸ்டுடியோ ஆக்கியிருக்கிறார்கள். அப்படியும் பஸ் ஹார்ன் உள்ளே வருகிறது. இரண்டு பஸ்ஸுக்கு நடுவில் பாடி முடிக்க வேண்டும்.

பாட்டு எழுதுவதும் பாடுவதும் கவின். மரியாதையான பிள்ளை. எதைப் பார்த்து வாசிக்கணும் தம்பி என்று கேட்டேன்.

“பாக்கறதுக்கு ஒண்ணுமில்லீங்கக்கா. உங்களுக்கு என்ன தோணுதோ அத வாசிங்க.”

தோணுவதா? எனக்கா?

நாலு மணி நேரம் உட்கார்ந்தேன். முதல் முறை வாசித்தது நோட்டின் 84ஆம் பாட்டு. இரண்டாம் முறை 207ஆம் பாட்டின் சரணம். கவினுக்குத் தெரியவில்லை, “சூப்பருங்கக்கா” என்றான். எனக்குத் தெரியுமே. பூபதிக்கும் தெரியும். என் முகத்தைப் பார்க்காமல் குச்சியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அடுத்த வாரம் வருகிறேன் என்று சொல்லிவிட்டு இறங்கி வந்துவிட்டேன்.

17 பிப்ரவரி, திங்கள்

பகலில் ஜெராக்ஸ். மேடை ஏறினாலும் ஜெராக்ஸ். இதை யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

19 பிப்ரவரி, புதன்

என் கையில என்னோடதுன்னு ஒண்ணுமே இல்லையா? பதினாலு வருஷம்! ஒரு நாலு ஸ்வரம் — நாலே நாலு — இன்னொருத்தரோடதா இல்லாம வராதா? கிட்டாரை எடுத்தால் விரல் தானாகப் பழைய இடத்துக்கே போகிறது. பூபதி மட்டும் போகட்டும். நான் வரவில்லை என்று சொல்லிவிடலாமா?

20 பிப்ரவரி, வியாழன்

வீட்டுக்காரர் போன் செய்தார். ரிக் வண்டியில் போர்வெல் போட சத்தீஸ்கர் போய் மூன்று மாதம் ஆகிறது. சாப்பிட்டாயா என்று கேட்டதுதான் தாமதம், அழுதுவிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். “எனக்குக் காப்பி அடிக்கறதத் தவிர ஒண்ணுந் தெரீலீங்க மாமா.”

அங்கே ரிக்கின் கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்துக்கு மேலே கத்திக் கேட்டார்.

“எங்கூடச் சண்டை போடறயே, அதெல்லாம் யாரப் பாத்துக் காப்பி அடிச்ச?”

“என்னதுங்க?”

“நான் ஒரு பேச்சு முடிக்கறதுக்குள்ள நீ ஆரம்பிச்சர்ற பாரு, அந்த மாதிரி ஒலகத்துல வேற யாரும் —”

“நான் எப்பங்க அப்படி ஆரம்பிச்சேன்?”

அவர் சிரித்த சிரிப்பு கம்ப்ரசரையும் மீறிக் கேட்டது. எனக்கும் வந்துவிட்டது. நாச்சிமுத்து என்று பெயர் வைத்தவர்கள் இவ்வளவு குசும்பை எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

23 பிப்ரவரி, ஞாயிறு

இன்று எடுத்த பாட்டு ‘ஸ்டாப்பிங் இல்லை’. ஊருக்குள் நிற்காமல் போகும் பஸ்ஸைப் பற்றியது. பாட்டின் நடுவில் கண்டக்டர் விசில். அதோடு எல்லாம் நின்றுவிடும். தாளத்தில் நாலு தட்டு யாரும் வாசிக்கக் கூடாது. அப்புறம் எல்லோரும் ஒன்றாக நுழைய வேண்டும்.

ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடினேன். கவின் பாடுவதை இவர் பேசுவதாக வைத்துக்கொண்டேன். அவர் ஒன்று சொல்கிறார், நான் பதில் சொல்கிறேன். மூணு மாசமா ஊட்டுப் பக்கம் எட்டிப் பாக்காம அப்படி என்ன போர் போடறீங்க? பொங்கலுக்காச்சும் வந்தீங்களா? இப்படியே விரல் போய்க்கொண்டிருந்தது. எந்தப் பாட்டின் எண்ணும் நினைவுக்கு வரவில்லை. ஐயோ, எவ்வளவு சந்தோஷமாக இருந்தது!

அந்தச் சந்தோஷத்தில்தான் தப்பு நடந்தது. விசிலுக்கு அப்புறம் நாலு தட்டு பொறுக்கவில்லை. மூன்றாவது தட்டிலேயே நுழைந்துவிட்டேன். எல்லோரும் சும்மா இருக்க, நான் மட்டும் ஒத்தையில் ‘டூம்’ என்று. சுதாரித்துக்கொண்டு, விரலை எடுக்காமல் கம்பியோடு மேலே இழுத்துப்போய் மற்றவர்களோடு சேர்ந்தேன்.

இன்னொரு தடவை எடுத்துவிடலாம் என்றேன். “பாத்துக்கலாங்கக்கா” என்றான் கவின்.

9 மார்ச், ஞாயிறு

ஆல்பத்தின் ஏழு பாட்டும் முடிந்தது. ஏழிலும் நோட்டில் இருந்து ஒன்றும் எடுக்கவில்லை.

13 ஜூன், வெள்ளி

ஆல்பம் வந்துவிட்டது. கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்துப் போனில் கேட்டேன். அந்தத் தப்பு அப்படியே இருக்கிறது! எடுக்கவே இல்லை. உடனே கவினைக் கூப்பிட்டேன்.

“அந்த எடம் நல்லா இருந்துச்சுங்கக்கா. மாத்த மனசு வல்ல.”

நல்லா இருந்துச்சாம். தப்பு எப்படிடா நல்லா இருக்கும்? நாளைக்கு விவரம் தெரிந்தவன் கேட்டால் காறித் துப்ப மாட்டானா? பேர் போடாதது நல்லதாய்ப் போயிற்று. ‘பேஸ்: இளவழகன்’ என்று இருக்கிறது. பாவம், ஜெர்மனியில் இருக்கிறவன் பேர் என்னால் கெடுகிறது.

மாலையில் மறுபடி கேட்டேன். முழுவதும் கேட்டேன். அப்புறம் அந்த ‘இளவழகன்’ கண்ணில் பட்டதும் சுருக்கென்றது. பேருக்கு என்ன என்று சொன்னவள் நான்தானே? இப்போது மட்டும் ஏன் வலிக்கிறது?

15 ஜூன், ஞாயிறு

இவருக்குப் பாட்டை அனுப்பியிருந்தேன், எது நான் என்று ஒன்றும் சொல்லாமல். ரிக்கில் எல்லோரும் சேர்ந்து கேட்டார்களாம்.

“அந்த விசிலுக்கு அப்பறம் ஒண்ணு முந்திக்கிட்டு வருதே, அது நீதான? அங்கயும் முடிக்க உடலியா?”

பாட்டில் எது பேஸ் என்றே தெரியாத மனுஷன் இவர்.

11 ஜூலை, வெள்ளி

மினி பஸ்ஸில் அந்தப் பாட்டு. பேக்கரியில் அந்தப் பாட்டு. கடைக்கு ஆதார் நகல் எடுக்க வந்த பெண்ணின் போன் அடித்தது, அதிலும் அதுதான். சரியாக விசிலில் இருந்து வெட்டி வைத்திருக்கிறாள். ஒரு பக்கத்தை இரண்டு தடவை நகல் எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

20 ஜூலை, ஞாயிறு

ஆடி பதினெட்டுக்கு ஜேடர்பாளையத்தில் கச்சேரி. ‘ஸ்டாப்பிங் இல்லை’ கட்டாயம் வேண்டும் என்று விழாக்காரர்கள் கேட்டிருக்கிறார்கள். இன்று ஒத்திகை. மருதாசலம் அண்ணனுக்குச் சட்டம் ஒன்றே ஒன்றுதான், ரெக்கார்டில் என்ன இருக்கிறதோ அதுதான் மேடையில் வர வேண்டும்.

நான் பொறுப்பாக நாலு தட்டும் காத்திருந்து எல்லோரோடும் சேர்ந்து நுழைந்தேன். இந்தத் தடவையாவது சரியாக வாசிப்போம் என்று. அண்ணன் கையைத் தூக்கி நிறுத்தினார்.

“என்ன சாமி வாசிக்கற? ரெக்கார்டக் கேட்டயா இல்லையா?”

“கேட்டனுங்கண்ணா.”

“என்னத்தக் கேட்ட? அந்த ஆளு மூணாவது தட்டுலயே வந்தர்றான். அங்கிருந்து ஒரு இழுப்பு இழுக்கறான் பாரு, அதுலதான அந்தப் பாட்டே இருக்குது! நீ பாட்டுக்குச் சாவகாசமா வார. ஊட்டுக்குப் போயி நல்லாக் கேட்டுப் படிச்சுட்டு வா.”

பூபதி கையில் இருந்து குச்சி விழுந்தது. எடுக்கக் குனிந்தவன் டிரம்ஸுக்குப் பின்னால் வெகுநேரம் எழவே இல்லை. முதுகு மட்டும் குலுங்கியது.

சரிங்கண்ணா என்றேன். வெளியே சொல்வதில்லை என்று ஒப்புக்கொண்டாயிற்றே.

22 ஜூலை, செவ்வாய்

என்னையே கேட்டு என்னையே படித்துக்கொண்டிருக்கிறேன். நுழைவது வந்துவிட்டது. அந்த இழுப்பு மட்டும் வரவில்லை. மேலே போகும்போது ஒரு சின்னத் தயக்கம் இருக்கிறது, அப்புறம் ஒரே ஓட்டம். யாரு இவ, இப்படி வாசிச்சிருக்கா? கஷ்டமா இருக்குது. நல்லாவும் இருக்குது.

3 ஆகஸ்ட், ஞாயிறு, ஆடி 18

ஜேடர்பாளையம். தடுப்பணைப் பக்கம் கால் வைக்க இடமில்லை. ஐந்து மணிக்கே ஆரம்பித்துவிட்டோம். முன்னால் நின்றவர்களில் பாதிப் பேர் ஆற்றில் குளித்த ஈரத்தோடு அப்படியே வந்திருந்தார்கள்.

ஆறாவது பாட்டு. விசில் அடித்தது. எல்லோரும் நிறுத்தினோம். கூட்டமும் நின்றது. ஒன்று. இரண்டு. நான் நுழைவதற்கு முன்னாலேயே எல்லோரும் முழங்காலை மடக்குகிறார்கள் — எதற்கு என்று அப்போது புரியவில்லை. மூன்றில் நான் நுழைந்தேன். அத்தனை பேரும் அதே நொடியில் ‘ஹோய்’ என்று குதித்தார்கள். குழந்தையை இடுப்பில் வைத்திருந்த பெண்கூடக் குதித்தாள்.

என் தப்பு இவர்கள் எல்லோருக்கும் மனப்பாடம். அதற்காகக் காத்திருந்திருக்கிறார்கள்.

இழுப்பும் வந்தது. ஸ்டுடியோவில் வந்ததைவிட நன்றாகவே வந்தது என்று நினைக்கிறேன்.

இறங்கியதும் மருதாசலம் அண்ணன் அவரே ஒரு டீயைக் கொண்டுவந்து கையில் கொடுத்தார். “இப்பத்தான் சாமி ரெக்கார்டுல இருக்கற மாதிரியே இருக்குது” என்றார். பூபதி டீயைத் துப்பிவிட்டான்.

4 ஆகஸ்ட், திங்கள்

கடை திறப்பதற்கு முன் நோட்டைத் திருப்பி முன்பக்கத்துக்குப் போனேன். கடைசியாக ஒரு பக்கம் மீதி இருந்தது.

312. ஸ்டாப்பிங் இல்லை. ஸ்வரங்களை எழுதினேன். விசிலுக்கு அப்புறம் மூன்றாவது தட்டில் நுழையவும், காத்திருக்க வேண்டாம் என்று எழுதினேன். இழுப்பில் தயங்கும் இடத்துக்கு ஒரு சுழி போட்டேன்.

யார் வாசித்தது:

பழக்கத்தில் கை கோடு போடப் போய்விட்டது. நிறுத்தி, பேனாவை உதறிக்கொண்டு, நிதானமாக எழுதினேன். மதுமதி.