பிங்கள வருடத்து முகத்துவாரம்

தாது வருடம், மார்கழி 9

விடியவிருந்தே மழை. என் மகன் செல்லத்துரையின் பத்தொன்பதாம் திவசம்.

வந்திருந்தவர்கள்: நான். மகள் பூரணம். அவள் புருசன் தம்பிராசா, பட்டணத்து இங்கிலீசுப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். பேத்தி மலர், ஏழு வயது, முன்பல் இல்லை. கிரானிலிருந்து என் தமக்கை வள்ளியம்மை, குடையில்லாமல் நனைந்து வந்து என் நல்ல சேலையை எடுத்துக் கட்டிக்கொண்டாள். பிறகு தம்பிராசாவின் தகப்பன், வயல்வட்டைகளை மேற்பார்த்த பழைய வட்டைவிதானை. அவர் பெயரை முழுதாய் எழுதப் பேனை ஓடாது. வி. என்று போடுகிறேன். பத்தொன்பது வருடமாய் என் கொப்பிகளில் அவர் வி.தான்.

வாழைக்காய், பயற்றங்காய், பூசணி, பாயாசம். பூசணி வேகவில்லை.

வி.க்குக் கடைசி இலை. கிழிந்தது, நானே பார்த்து எடுத்தது. இலைக்குப் பக்கத்தில் சங்கு. மாரியில் வாவி நிரம்பி வயல் மூழ்கும்போது, கடலோரத்து மணல்மேட்டை வெட்டி முகத்துவாரத்தைத் திறப்பது விதானையின் வேலை. வெட்டுமுன் உள்ளே நிற்கிற தோணிகளுக்குக் கேட்க மூன்று தரம் சங்கு ஊத வேண்டும். பிங்கள வருடம் அவர் ஊதவில்லை. என் மகன் தோணியோடு கடலுக்குள் போனான். மூன்றாம் நாள் தோணியின் முன்பக்கத்து அணியம் மட்டும் கரைக்கு வந்தது. அதனால் திவசத்துக்குத் திவசம் அவரைக் கூப்பிடுகிறேன், சங்கு வைக்கிறேன். கொண்டுபோய் வைப்பது பூரணம். ஒன்பது வயதிலிருந்து அது அவள் வேலை.

அவர் சங்கைப் பார்ப்பார். பிறகு குனிந்து சாப்பிடுவார். ஒரு பருக்கை மிச்சம் விடமாட்டார்.

"இன்னும் போடவா?"

"போதும் மச்சாள்."

"போதாது" என்று சொல்லி வேகாத பூசணியை இன்னும் இரண்டு அகப்பை போட்டேன்.

மத்தியானம் தபால்காரன். மருமகனுக்குக் கொழும்புச் சங்கத்தின் மாதக் கடதாசி. மீன், மழை, கல், பூச்சி என்று ஆராய்கிற படித்தவர்களின் சங்கம். மருமகன் போன வருடம் அதில் அங்கத்தவரானார். நம் தாய்வழிக் குடியில் சேரத் தாய் வயிற்றில் பிறந்தால் போதும். இவர்கள் குடியில் சேர்க்க இரண்டு பேர் கையெழுத்து வைத்துச் சிபாரிசு செய்ய வேண்டுமாம்.

கையைக் கழுவாமலே உடைத்துத் தமிழில் சொன்னார். ஒரு அங்கத்தவர் சீமைக்குக் கப்பலேறினார். ஒருவருக்கு ஆண்பிள்ளை. ஒருவர் காலமானார், சங்கம் வருந்துகிறது. பழைய பூதக்கண்ணாடி ஒன்று விலைக்கு உண்டு. மலைநாட்டுக்குப் பூச்சி பார்க்கப் போகிற பயணத்தில் இரண்டு இடம் காலி.

"பூச்சி பாக்க மலைக்குப் போகணுமா? உங்கட அலுமாரிக்குள்ள இரிக்கிறது காணாதா?" என்றேன். வள்ளியம்மை சிரித்தாள். அவள் சிரிப்பு எனக்குத் தேவையில்லை.

கடைசி அறிவித்தலைப் படித்தபோது அவர் குரல் மாறியது. கொழும்பில் ஆறுகள், குளங்களின் நீரை அளக்கிற கந்தோரில் ஒரு உத்தியோகம். அங்கத்தவருக்கு மட்டும். ஆற்றுவாய்கள் எந்தெந்த வருடம் எந்த நாளில் திறந்தன என்று கட்டுரை எழுதிச் சங்கத்தில் வாசிப்பவருக்கு. வெட்டியதா, தானாக உடைத்ததா, அதுவும் வேண்டும். ஒவ்வொரு வருடத்துக்கும் அப்போது ஊரிலிருந்த இரண்டு பேரின் சாட்சி. ஒரு வருடம் விடுபட்டாலும் கட்டுரையை எடுக்கமாட்டார்கள். தைப்பொங்கலுக்குமுன் போய்ச் சேர வேண்டும்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஊரில் வேறு ஆர் நினைவு வைத்திருக்கிறார்கள்?

மார்கழி 11

மழை விட்டு விட்டு. வெற்றிலை முடிந்தது.

மருமகன் கதிரையை எனக்குப் போட்டுவிட்டு நிலத்தில் இருந்து எழுதினார். பத்து வருடத்தில் முதல் தடவை.

சாதாரண வருடம், கார்த்திகை 28. வெட்டியது. அன்று வள்ளியம்மை என் கல்லுத்தோட்டைக் கலியாணவீட்டுக்கு என்று வாங்கிப்போனாள். இருபத்தாறு வருடம். அந்தக் கலியாணவீடு இன்னும் முடியவில்லை.

துந்துபி, மார்கழி 11. தானாக உடைத்தது. திருவெம்பாவைப் பூசையில் எங்கள் குடியை நிற்கவைத்துவிட்டு மற்றக் குடிக்கு முதல் காளாஞ்சி, கோயில் மரியாதை வெற்றிலை, கொடுத்தார்கள்.

அட்சய, தை 2. வெட்டியது. பூரணத்தின் கலியாணத்துக்கு நாலு நாள் முன். பந்தல்காரன் வெள்ளத்தைச் சாட்டி வரவில்லை.

"மாமி, நாள் மட்டும் போதும். சங்கத்துக்குத் தோடு தேவையில்ல."

"தேவையில்லாட்டி நாளும் தேவையில்ல, மருமகன். ரெண்டும் ஒரே முடிச்சில கிடக்கு. ஒண்ட அவிட்டா மற்றது விழுந்திரும்."

தோட்டையும் எழுதினார். பிறகு வெட்டினார். கண்டேன்.

மலர் மூலையில் இருந்து கடதாசி வாசிக்கிற விளையாட்டு: "அம்மம்மாக்கு முதுகுவலி. சங்கம் வருந்துது."

மார்கழி 14

வெயில் கொஞ்சம். மிளகாய் காயவைத்து மறுபடி எடுத்தேன். சிவத்தக் கோழி அடைக்கு.

எல்லா வருடமும் முடிந்தது, பிங்கள வருடம் தவிர. அதற்கு இடம் விட்டு வைத்திருக்கிறார். அந்த வெறும் இடத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார், "மாமி, மற்றது..."

"தரமாட்டன்."

"நாளும் நேரமும் எனக்குத் தெரியும். சாட்சிதான் இல்ல. அண்டைய நாளுக்குக் கையெழுத்து வைக்க ரெண்டு பேர்தான் மிச்சம். ஒண்டு நீங்க. மற்றது அப்பா."

"அப்ப உங்கட அப்பா எழுதித் தரட்டும். 'நான் வெட்டினேன். சங்கு ஊதவில்லை. உள்ளே தோணி நிற்பது தெரிந்தும் வெட்டினேன்.' இந்த மூண்டையும். கையெழுத்தோட. கொழும்பில அச்சடிக்கட்டும். பிறகு நானும் சாட்சி வைக்கிறன்."

மனிதன் முகம் வெளுத்துப்போனது. எனக்குப் பசி எடுத்தது. இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டேன்.

அவரை மருமகனாக எடுத்ததை இங்கே எழுதி வைக்கிறேன். மாப்பிள்ளை பெண் வீட்டோடு வந்து இருக்கிற நம் முறை எனக்குக் கைகொடுத்தது. வி.யின் வாசலில் போய் நின்றேன். என் பிள்ளையை எடுத்தீர், உம்முடையதைத் தாரும் என்றேன். ஒரே மகன். மறுபேச்சில்லாமல் தந்தார். ஊர் அதைச் சமாதானம் என்றது. பத்து வருடமாய் அவர் பிள்ளை என் அகப்பைச் சோறு தின்கிறது. வருசப்பிறப்புக்குத் தகப்பன் வீட்டுக்குப் போக என்னிடம் கேட்டுத்தான் போகிறது. சில வருடம் விட்டேன். சில வருடம் விடவில்லை.

மார்கழி 17

மழை. வெள்ளம் கிணற்றடி வரை. முகத்துவாரம் இந்த வருடம் இன்னும் வெட்டவில்லை. வட்டையில் வெள்ளாமை கழுத்தளவு தண்ணீரில்.

பூரணம் சாப்பிடவில்லை. இரண்டு நாளாய். தேங்காய் துருவும்போது கையை வெட்டிக்கொண்டாள். கொழும்புக்குப் போக ஆசை, போகமுடியாதோ என்று பயம். அப்படித்தான் நினைத்தேன்.

குசினிக்குள் அவர்கள் பேசியது:

"அப்பா கையெழுத்து வைக்கிறன் எண்டு சொல்லிவிட்டார்."

"மூண்டுக்குமா?"

"மூண்டுக்கும்."

 அம்மி நின்றுவிட்டது.

எனக்குச் சந்தோசம். எழுத வெட்கமில்லை. கொப்பிக்கு என்ன ஒளிப்பு.

மார்கழி 20

காலை. மழை விட்டு வெளித்திருந்தது. வி. வந்தார். எழுபது வயது, முழங்கால் வரை சேறு. கதிரை கொடுக்கவில்லை. பாய் போட்டேன்.

மருமகன் தாளை வாசித்தார். முதல் இரண்டையும் வாசித்தார். மூன்றாவதில் நின்றார்.

"அப்பா, தெரிஞ்சா வெட்டினீங்க?"

"எழுதின மாதிரியே இரிக்கட்டும் மகன். பேனையைத் தா."

"எனக்குச் சொல்லுங்க. தெரியுமா?"

"உத்தியோகம் வேணுமா, கதை வேணுமா? தா பேனைய."

வாங்கினார். மையைத் தொட்டார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். பத்தொன்பது வருடம் காத்த இடம்.

பூரணம் குசினியிலிருந்து வந்தாள். கையெல்லாம் அடுப்புச் சாம்பல்.

"மாமா, வைக்காதீங்க."

"உள்ள போ புள்ள."

"போகமாட்டன். அம்மா, மாமாக்குத் தெரியாது. அண்டைக்கு வீடு வீடாப் போய்த் தோணி எல்லாம் வந்திட்டுதா எண்டு கேட்டவர். நம்மட வாசலுக்கும் வந்தவர். நீங்க காய்ச்சல்ல கிடந்தீங்க. நான்தான் கதவத் திறந்தன்."

"திறந்து?"

"அண்ணன் வந்திட்டாரா எண்டு கேட்டார். வந்திட்டார், படுக்கிறார் எண்டு சொன்னன்."

வி. சொன்னார், "எட்டு வயசுப் புள்ள, மச்சாள்."

நான் அவளைத்தான் கேட்டேன். "ஏன் சொன்னாய்?"

"அண்ணன் சொல்லச் சொன்னது. வெள்ளத்தில தோணி எடுத்தாக் காலை முறிப்பன், ஒளிச்சா உனக்கும் அதுதான் எண்டு நீங்க சொல்லியிருந்தீங்க. உங்களுக்குக் கேட்டிரும் எண்டு பயம்."

எனக்குப் பயந்தாளாம்.

விதானையிடம் திரும்பினேன். "சங்கு?"

"எல்லா வாசல்லயும் வந்திட்டாங்க எண்டாங்க. தண்ணி ஏறிக்கொண்டு வருது. பிறகு ஆருக்கு மச்சாள் ஊதுற? ஊதியிருக்கணும். அது என்ட பிழைதான்."

"இவ்வளவு காலம் உமக்கு வாயில்லையா?"

 பாயின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டு இருந்தார்.

"சொல்லியிருந்தா அந்தப் புள்ளைய நீங்க என்ன செய்திருப்பீங்க?"

பதில் எனக்குத் தெரியும்.

மருமகன் மூன்றாவது வரியை மட்டும் வெட்டினார். மற்ற இரண்டுக்கும் தகப்பன் கையெழுத்து. தாளை என்னிடம் நீட்டினார். நான் கை நீட்டவில்லை. பூரணம் வாங்கிச் சாட்சி என்று எழுதித் தன் பெயரைப் போட்டாள். தாளில் சாம்பல் விரலடையாளம். அப்படியே தபாலுக்குப் போயிற்று.

மார்கழி 21

இன்று முகத்துவாரம் வெட்டினார்கள். விடியற்காலையில் மூன்று தரம் சங்கு கேட்டது. தண்ணீர் இறங்குகிற இரைச்சல் வீடு வரைக்கும். கோழி ஏழு குஞ்சு பொரித்தது. இரண்டு கூழ்முட்டை.

பூரணம் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். ஆறிப்போனது. ஆறினதை அவளே எடுத்துப்போனாள்.

கணக்குப் பார்த்தேன். எட்டு வயதில் சொன்னதை விட்டுவிடலாம். பிள்ளை. ஒன்பது வயதில் சங்கை அவள் கையில் கொடுத்தேன், கொண்டுபோய் வைத்தாள். பத்தில் வைத்தாள். பன்னிரண்டில் பெரியபிள்ளையாகித் தலைக்குத் தண்ணீர் வார்த்த வருடமும் வைத்தாள். பதினேழில் அவர் மகனுக்குக் கழுத்தை நீட்டினாள், அடுத்த மார்கழியில் அந்த மாமனாருக்கே வைத்தாள். மலரை வயிற்றில் சுமந்துகொண்டு குனிய முடியாமல் குனிந்து வைத்தாள். இந்த மார்கழியிலும் வைத்தாள். அவர் இவளைக் காப்பாற்றத் தின்றார். இவள் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் ஆர் இலையில் விசத்தைப் போடுகிறேன் என்று இரண்டு பேருக்கும் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது.

மாசி 6

பனி. வாவி கண்ணாடி மாதிரி.

சங்கக் கடதாசி வந்தது. அங்கத்தவர் தம்பிராசாவின் கட்டுரை வாசிக்கப்பட்டது, சபையோர் பாராட்டினார்கள். உத்தியோகம் அவருக்கே. பங்குனி முதலாம் திகதி கொழும்பில் நிற்க வேண்டும். கீழே, தகவல் தந்தவர் அங்கத்தவரின் மாமியார். அத்தனை வருடமும் என் தலைக்குள் இருந்தது. எனக்கு ஒரு பெயர் இல்லை.

மருமகன் சொன்னார்: "திருத்தச் சொல்லி எழுதிறன் மாமி."

"வேண்டாம். சங்கம் வருந்தட்டும்."

வீடு பூரணத்தின் சீதன வீடு. அவளை வெளியே போ என்று நான் சொல்ல முடியாது. நான் போகலாம். நாளைக்குக் கிரானுக்கு, வள்ளியம்மையிடம். வண்டி சொல்லியாயிற்று. கோழியும் குஞ்சுகளும் மலருக்கு.

போகுமுன் பழைய கொப்பிகளை எடுத்துப் பார்த்தேன். வள்ளியம்மையின் தோடு: விட்டேன். அவள் வீட்டுச் சோறு தின்னப் போகிறேன். கோயில் காளாஞ்சி: விட்டேன். பந்தல்காரன்: செத்துவிட்டான், விட்டேன். என் பெயரைப் போடாத சங்கத்தார்: விட்டேன். மூத்ததம்பி விதானை: முழுப்பெயரும் எழுதினேன், பேனை ஓடியது. விட்டேன்.

பின்னேரம் பூரணம் கிணற்றடியில் துணி தோய்த்துக்கொண்டு நின்றாள். கொழும்புக்கு என்று அவள் அடுக்கி வைத்த பெட்டியைத் திறந்தேன். சங்கை எடுத்துக் கலியாணக் கூறைக்குள் சுற்றி நடுவில் வைத்து மூடினேன். அங்கே போய்த் திறக்கட்டும். மார்கழிக்கு மார்கழி அதை எங்கே வைப்பதென்று அவளே பார்த்துக்கொள்ளட்டும்.

கேட்டாள், "அம்மா, கொழும்புக்கு ஒருக்கா வருவீங்களா?"

"துணி நிலத்தில இழுபடுது, பார்" என்றேன்.

மன்னிக்க மாட்டேன். ஒரே ஒருத்தியை. என் மகள் பூரணத்தை.