யாரோடு உட்கார்ந்து சாப்பிடலாம்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. கர்த்தர் கிருபையில் இங்கே எல்லோரும் சுகம், உன் அப்பாவின் தொண்டை மட்டும் தேவைக்கு மேல் சுகம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாய்த் தூங்குகிறாய் என்று நம்புகிறேன். அறைத்தோழி வீட்டில் சாமிக்குப் படைத்ததைச் சாப்பிடலாமா என்று கேட்டிருந்தாய். கடையில் விற்பதை விசாரிக்காமல் சாப்பிடு என்று பவுல் ஓரிடத்தில் சொல்ல, படைத்ததைத் தொடாதே என்று அப்போஸ்தலர்கள் இன்னோரிடத்தில் சொல்கிறார்களே, எதைப் பிடித்துக்கொள்வது என்று குழம்பியிருக்கிறாய். நல்ல நேரத்தில் கேட்டாய், நம் வீட்டிலும் இதே வழக்குதான்.

அப்பா தண்ணீர் இறைக்கும் நிலையத்தில் ஓய்வு பெற்றதற்கு வீட்டில் ஒரு சாப்பாடு வைக்கலாம் என்றேன், சரி என்றார். பெரியப்பாவைக் கூப்பிட வேண்டுமே என்றதும் முகம் சுருங்கிவிட்டது. சபைக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் பெரியப்பா, "கத்தாதடா, இது மோட்டார் ரூம் இல்ல" என்று சொன்னாரே, அன்றைக்கு நின்ற பேச்சு. அப்பா நேராகப் போய் வேதத்தை எடுத்துவந்தார். "விருந்து வச்சா அண்ணன் தம்பி, சொந்தக்காரனைக் கூப்பிடாதே, ஏழை, ஊனர், குருடரைக் கூப்பிடுன்னு இயேசுவே சொல்லியிருக்காரு, நான் என்ன பண்ண?" என்றார். அதே இயேசு பாவிகளோடு உட்கார்ந்து சாப்பிட்டாரே என்றேன். "பாவியோட சாப்பிட்டாரு, என் அண்ணனோட சாப்பிட்டாரா?" என்றார். போதாததற்கு, சகோதரன் என்று பேர் வைத்துக்கொண்டு வாய்த்துடுக்காய்ப் பேசுகிறவனோடு சாப்பிடவே கூடாது என்று பவுல் எழுதியதையும் விரலை வைத்துக் காட்டினார். எனக்குச் சிரிப்பு ஒருபக்கம், வருத்தம் ஒருபக்கம். வயது ஏறிக்கொண்டே போகிறது, இரண்டு பேரில் ஒருவர் படுத்துவிட்டால் மற்றவர் எந்த முகத்தோடு போய் நிற்பார் என்று நினைத்தேன்.

சரி, வசனப்படியே நடக்கலாம் என்று ஏழைகளையும் ஊனரையும் குருடரையும் கூப்பிடச் சம்மதித்தேன். அவரோடு வேலை பார்த்த துப்புரவு அம்மாவுக்குச் சொன்னோம், ஊன்றுகோலோடு நடக்கிற பக்கத்து வீட்டுத் தையல்காரருக்குச் சொன்னோம். அந்த வாரம்தான் பெரியப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நடந்தது. நான் பார்க்கப்போன கையோடு சாப்பாட்டுக்குச் சொல்லிவிட்டு வந்தேன். அப்பா முறைத்தார். "குருடரைக் கூப்பிடணும்னு நீங்கதானே சொன்னீங்க, ஒரு கண்ணு கட்டியிருக்கு, இன்னொண்ணும் மங்கல்தான்" என்றேன். அப்புறம் எழுந்துபோய் உள்ளறையிலிருந்து இன்னொரு நாற்காலியை எடுத்துவந்து போட்டார்.

பெரியம்மா பெரியப்பாவின் கையைப் பிடித்துக் கூட்டிவந்தாள். தையல்காரர் வாய் ஓயாமல் பேசியதால் சாப்பாட்டு மேஜை தப்பித்தது, அண்ணனும் தம்பியும் ஒரு வார்த்தை பேசவில்லை. மீன் வைத்தேன். பெரியப்பா விரலால் முள்ளைத் தடவித் தடவித் தேடினார், அகப்படவில்லை, கையை எடுத்துவிட்டார். பெரியம்மா அடுப்பங்கரையில் என்னோடு இருந்தாள், அங்கிருந்தே பார்த்தேன். அப்பா அந்தத் தட்டைத் தன் பக்கம் இழுத்தார். ஒவ்வொரு முள்ளாய் எடுத்துத் தன் தட்டின் ஓரத்தில் வைத்தார். பிறகு அண்ணன் தட்டை அவர் கைக்கு எட்டும்படி தள்ளி, "சாப்பிடுண்ணே, முள்ளு இல்ல" என்றார். பெரியப்பா தலை நிமிராமல் கடைசித் துண்டுவரை சாப்பிட்டார். அதற்குமேல் இன்னொரு துண்டும் கேட்டு வாங்கினார், என்னிடமல்ல, அப்பாவிடம்.

எந்த வசனம் எதை ஜெயித்தது என்று எனக்குச் சொல்லத் தெரியாது மகளே. அப்பா கதவைச் சாத்த ஒரு வசனம் தேடினார், நான் திறக்க ஒன்று தேடினேன், இரண்டு பேருமே சாக்குத் தேடியது கர்த்தருக்குத் தெரியும். உன் தோழி கூப்பிட்டால் போ. படைத்ததைத் தொட மனசு கூசினால் படைக்காத சோற்றை மட்டும் வாங்கிக்கொள், காரணத்தை அவளிடமே பிரியமாய்ச் சொல், கோபிக்க மாட்டாள். அவள் உன் அறைக்கு வருகிற நாளில் அவளுக்கு ஆகாதது எது என்று நீயும் கேட்டுச் சமை.

நீ உட்காரும் மேஜையில் எல்லாம் கர்த்தர் சமாதானம் தருவாராக. வெறுங்கையோடு போகாதே, பழமாவது வாங்கிக்கொண்டு போ.

உன்னையே நினைத்திருக்கும்
அம்மா