மூன்றாம் குறுக்குத் தெருவின் நீலப் புள்ளி

4 நவ., செவ்வாய்

காலையிலிருந்து தூறல். கரண்ட் இருமுறை போய் வந்தது. எங்கே எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று நான் போட்டுவரும் காட்டுப்பாக்கம் மழைநீர் வரைபடத்தைத் திறந்தால் ஒரு புள்ளிகூட இல்லை. நேற்று வரை இருந்தவை. நான்தான் எதையோ கெடுத்திருக்கிறேன், வேறு யார்.

மதியம் வரை தேடல். கடைசியில் கிடைத்தது: தரவுக் கோப்புக்கு முதலில் தீர்க்கரேகை வேண்டும், திரையில் வரையும் லீஃப்லெட் நிரலுக்கு முதலில் அட்சரேகை. மாற்றிப் போட்டிருக்கிறேன். காலனி முழுவதும் வட துருவத்துக்குப் பக்கத்தில், கடலுக்குள். மனைவி வசந்தாவிடம் காட்டினேன்.

"அங்கயும் தண்ணி நிக்குதா?" என்று கேட்டுவிட்டுக் குக்கரைப் பார்க்கப் போய்விட்டாள்.

செய்ய வேண்டியவை: ரேகைகளைத் திருப்புவது. கண் சொட்டு மருந்து. கேஸ் புக்கிங். 'முட்டி' பிரச்சினை.

5 நவ., புதன்

வெயில். 'முட்டி' பிரச்சினை தீரவில்லை. தண்ணீர் எவ்வளவு நின்றது என்று காலனி வாட்ஸ்அப் குழுவில் கேட்டிருந்தேன். வந்த பதில்கள்: "முட்டி வரைக்கும்." "முட்டிக்கு மேல." "பையன் முட்டி சார், என் முட்டி இல்ல." ஆறாம் தெரு அம்மா: "ஸ்கூட்டர் சைலன்சர் முழுகிடுச்சு." இதுதான் உருப்படியான பதில். சைலன்சர் எல்லா ஸ்கூட்டரிலும் ஏறக்குறைய ஒரே உயரம்.

டேப்பால் என் காலையே அளந்து அட்டவணை போட்டேன். கணுக்கால் 10 செ.மீ. முட்டி 45. மற்றவர்கள் என்னைவிட உயரமாக இருந்தால்? தெரியவில்லை. எல்லாமே தவறாக இருக்கலாம்.

நிச்சயமான எண் ஒன்றே ஒன்று. எங்கள் மூன்றாம் குறுக்குத் தெரு, எதிர்வீட்டு ஆரோக்கியசாமியின் கேட், போன மழையில் 45. நானே ஸ்கேல் வைத்து அளந்தது. வரைபடத்திலேயே அடர்ந்த நீலம் அதுதான்.

7 நவ., வெள்ளி

மழை. ஆரோக்கியசாமி குடையோடு வந்தார். மனைவி போன பிறகு தனியாக இருக்கிறார். கிறிஸ்துமஸுக்குள் வீட்டை விற்றுவிட்டுத் திருச்சியில் மகளோடு இருந்துவிட வேண்டும் என்று தவிப்பு. இதுவரை ஒருவரும் படியவில்லை. இப்போதுதான் ஒருவர்.

"அண்ணாத்தே, வாங்கறவர் போன்ல உன் மேப்பு கீது. ஏன் என் ஊட்டு வாசல்ல மட்டும் கடல் மாதிரி கீதுன்னு புரோக்கராண்ட கேக்கறாராம்."

"அளந்தது அப்படி..."

"உன்னை யாரு அளக்கச் சொன்னது? பென்ஷன் வாங்கிகினு நிம்மதியா டிவி பாக்கறத உட்டுட்டு! அந்த ஒரு புள்ளிய எடுத்துடு. நான் இங்கியே தனியா செத்துக் கெடக்கணுமா?"

பார்க்கலாம் என்றேன்.

வ.: "பார்க்கலாம்னா என்ன அர்த்தம்? முடியும்னா முடியும்னு சொல்லுங்க, முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லுங்க." எனக்கே தெரிந்தால் சொல்ல மாட்டேனா?

8 நவ., சனி

எடுத்துவிட்டேன். ஒரு புள்ளிதானே. ஒரே ஒரு அளவை வைத்து ஒரு தெருவைப் பற்றித் தீர்ப்புச் சொல்வது முறையல்ல என்று காரணமும் கண்டுபிடித்துக்கொண்டேன். கண்டுபிடித்த பிறகு காபி இறங்கவில்லை.

மாலையில் ஆரோக்கியசாமி மறுபடியும். போனை என் மூக்குக்கு நேராக நீட்டினார். நீலம் அப்படியே!

"எடுத்துட்டேன்னு சொன்ன?"

"எடுத்தாச்சு. பழைய படம் உங்க போன்லயே தேங்கி நிக்குது."

"தண்ணியும் தேங்குது, படமும் தேங்குதா? இன்னா, என்னை ஏமாத்தறியா?"

போனை வாங்கி, சேர்ந்திருந்ததை அழித்தேன். புள்ளி போயிற்று. கூடவே அவர் சேமித்து வைத்திருந்த பாஸ்வேர்டுகளும் போயின. பேங்க், கரண்ட் பில், மகளின் போட்டோக்கள் இருக்கும் ஏதோ ஒன்று. இரவுச் சாப்பாடு வரை ஒவ்வொன்றாக மீட்டோம். வரைபடத்தில் பொய்யும் சொல்லி, திட்டும் வாங்கி. இந்த வயதில் எனக்கு எதற்கு இது?

9 நவ., ஞாயிறு

வாங்குபவரே வந்துவிட்டார். சென்னீர்குப்பத்தில் லேத் பட்டறை வைத்திருப்பவர். எங்கள் கேட்டில் நின்று, "சார், நேத்து நீலமா ஒரு புள்ளி இருந்துச்சு. இன்னைக்குக் காணோம். எது நிஜம்?"

எதிரே தன் கேட்டில் ஆரோக்கியசாமி. என்னையே பார்த்துக்கொண்டு.

'பார்க்கலாம்' என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். பிறகு என் குரல் எனக்கே கேட்டது: "நான்தான் எடுத்தேன். 45 செ.மீ. தண்ணி நிக்கும். நானே அளந்தது."

ஆரோக்கியசாமி உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். புள்ளியைத் திரும்பப் போட்டேன். சாப்பிடவில்லை.

11 நவ., செவ்வாய்

மேகமூட்டம். பூந்தமல்லி ரோட்டில் மெட்ரோ வேலைக்காக மறுபடி வழி மாற்றம். மருந்து வாங்கி வரவே பாதி நாள் போயிற்று. திரும்பினால் வாசலில் கனமான ஒரு ஸ்வீட் பாக்கெட்டோடு ஆரோக்கியசாமி, சிரித்தபடி!

"ஊடு முடிஞ்சிது அண்ணாத்தே! அட்வான்ஸ் குடுத்துட்டாரு. இன்னா சொன்னாரு தெரியுமா? 'இதுவரைக்கும் பாத்த எடத்துல எல்லாம் தண்ணியே நிக்காதுன்னு சத்தியம் பண்ணானுங்க. அந்தப் பெரியவர் ஒருத்தர்தான் சென்டிமீட்டர்ல சொன்னாரு. எவ்ளோ மண்ணு அடிக்கணும்னு தெரிஞ்சுபோச்சு'ன்னாரு. பழைய ஊட்ட இடிச்சுட்டு, மேடாக்கிக் கட்டப் போறாராம். உன் மேப்புதான் வித்துக் குடுத்துச்சு!"

கையைப் பிடித்துக்கொண்டார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. மறைப்பானேன்.

அவர் போனதும் வ. லட்டைப் பிட்டுக்கொண்டே, "வாங்கறவர் மண்ணடிச்சா அங்க நிக்கற தண்ணி எங்க போகும்?"

இலவசமாகக் கிடைக்கும் நில உயரத் தரவை இறக்கி கியூஜிஐஎஸ் வரைபட மென்பொருளில் போட்டேன். ஒரு கட்டம் முப்பது மீட்டர். எதிர்வீடும் நம் வீடும் ஒரே கட்டத்துக்குள். பிரயோஜனமில்லை. கொத்தனார்கள் செய்வதுபோல் டியூபில் தண்ணீர் ஊற்றி இரண்டு கேட்டுக்கும் மட்டம் பார்த்தேன். போன மழைத் தண்ணீர் அங்கே நின்ற மட்டத்தைவிட நம் கேட் ஒரு விரல்தான் மேடு.

14 நவ., வெள்ளி

வானம் கறுத்திருக்கிறது. பட்டறைக்காரர் மேஸ்திரியோடு வந்திருந்தார். மிகுந்த மரியாதை. "சார், நாலடி மண்ணு போதுமா? உங்களைக் கேட்டுட்டுத்தான் போடணும்னு சொல்லிட்டேன்."

போதும் என்று சொல்லியிருக்கலாம். மூன்றே போதும் என்றுகூட. "ரோடு ஒவ்வொரு தடவை போடும்போதும் உயருது. அஞ்சடியாப் போடுங்க" என்றேன். சரியான பதில் அதுதான். மேஸ்திரி குறித்துக்கொண்டார்.

வரைபடத்தில் நம் கேட்டுக்கு ஒரு புள்ளி வைத்தேன். ஆழம் காலி.

வ. பீரோவின் கீழ்த்தட்டைக் காலி செய்து எல்லாவற்றையும் மேலே ஏற்றிக்கொண்டிருக்கிறாள். என்னைக் கூப்பிடவில்லை.